கேட்டால்தான் கிடைக்கும்



"நாங்கள்தான் உழைத்துச் சம்பாதிக்கிறோமே, எங்களுக்கு எதற்கு அரசாங்க உதவி?" என்று கேட்பவர்கள் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் உண்டு. ஆனால், இந்த உதவி உழைக்கும் குடும்பங்களுக்கும் உரியதே.

2012இல் பிரிம் என்ற பெயரில் 500 ரிங்கிட்டாகத் தொடங்கியது, 2023 முதல் எஸ்.டி.ஆர். என்று வழங்கப்படுகிறது. உள்நாட்டு வருமான வரி வாரியம் இதைக் கவனிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால் மாதம் 3,400. அவ்வாண்டுத் திட்டத்தில் 5,000 ரிங்கிட் வரை வருமானமுள்ள குடும்பத்திற்குத் தகுதி உண்டு. மூன்று பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்கு 1,000 ரிங்கிட். மனைவி வேலையை விட்டு, வருமானம் 2,500க்குள் இறங்கினால் அதுவே 2,000. ஆகவே, வேலை போனாலும் பிள்ளை பிறந்தாலும் உடனே விவரத்தைப் புதுப்பியுங்கள். பழைய விவரத்தோடு விட்டுவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

விண்ணப்பம் இலவசம், யாருக்கும் கட்டணம் தர வேண்டாம். அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். மலாய் பாரம் புரியாத பெரியவர்களுக்கு, வீட்டில் படித்த பிள்ளைகள் கைப்பேசியோடு அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு வேதனையும் உண்டு. இது குடியுரிமை பெற்றவர்களுக்கே. சிவப்பு அடையாளக் கார்டோடு தோட்டத்திலேயே மூப்படைந்தவர் தம் பெயரில் கேட்க முடியாது. அவர்களின் குடியுரிமை மனுவையும் மறந்துவிடாதீர்கள்.

இது பிச்சையன்று, உரிமை. கேளுங்கள்.