அலுவற் சுமையும் இருதய நோயும்

(ஆண்டு விழாவில் நம் குடியிருப்பு மருத்துவர் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்கள் முன் நோயைப் பற்றிப் பேசுவது தகுமா என்று செயலாளரைக் கேட்டேன். "கணவன்மாரும் மனைவிமாரும் ஒருசேர அமர்ந்து கேட்பது இந்த ஒருநாள்தான், பேசிவிடுங்கள்" என்றார். அவர்மீது பழியைப் போட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

மாரடைப்பு பெரிய அதிகாரிகளின் நோய் என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. பொறுப்பு மிகுந்தவர்க்குக் கவலை மிகுதி, கவலை மிகுந்தால் நெஞ்சுவலி என்பது அதன் கணக்கு. இக்கணக்கு இலண்டனில், பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செயலகங்கள் நிறைந்த வைட்ஹாலில் பொய்த்துப்போயிற்று. 1967ஆம் ஆண்டு தொடங்கி, 40 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 17,500 ஆண் ஊழியர்களைச் சோதித்து, பல்லாண்டுகள் கவனித்து வந்தனர். ஏழரை ஆண்டுகள் சென்றபின் பார்த்தால், கடைநிலைச் சேவகர்களிடையே இருதய நோயால் நேர்ந்த மரண விகிதம், உச்சியிலிருந்த நிர்வாக அதிகாரிகளிடையே நேர்ந்ததைப் போல மூன்று மடங்கிற்கும் மேலாக இருந்தது! இடைப்படிகளில் இருந்தோர் இடையிலேயே நின்றனர். கீழ்ப்படியினர் மிகுதியாகப் புகைத்தனர் என்பது மெய்யே. ஆயினும் புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கழித்த பின்னரும் வேறுபாட்டில் பாதிக்குமேல் எஞ்சியது.

1985இல் மைக்கேல் மார்மட் என்னும் அறிஞரின் தலைமையில், 10,308 ஆண் பெண் ஊழியர்களைக் கொண்டு இரண்டாம் ஆராய்ச்சி தொடங்கிற்று. 1997இல் வெளிவந்த அதன் முடிவு இதுதான்: தம் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தமக்கென உரிமை இல்லாதவரையே இருதய நோய் மிகுதியாகப் பற்றியது.

இங்கே எனக்கு அறிமுகமான ஒருவர் நினைவுக்கு வருகிறார். பெயர் வேண்டாம், அலுவலகமும் வேண்டாம். ஊரிலே தங்கைக்குத் திருமணம். இரயிலுக்கு முன்பதிவும் ஆயிற்று. விடுப்பு விண்ணப்பம் மட்டும் மேலதிகாரியின் மேசையை விட்டு அசையவில்லை. "இன்றாவது கையெழுத்து ஆயிற்றா?" என்று மனைவி மாலைதோறும் கேட்பார். பயணத்திற்கு முதல்நாள் விடுப்புக் கிடைத்தது. அன்றிரவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், திருமணத்தைப் பார்க்கவில்லை. விண்ணப்பமே நோயைத் தந்தது என்று நான் கூறமாட்டேன். இருபதாண்டுச் சிகரெட்டும் சர்க்கரை நோயும் முன்னரே இருந்தன. ஆனால் அந்த மூன்று வாரங்களும் அவர் சரியாக உறங்கவில்லை.

அச்சமோ சினமோ எழும்போது அட்ரினலின் என்னும் சுரப்பு நீர் இரத்தத்தில் கலக்கிறது. நாடி விரைகிறது, அழுத்தம் ஏறுகிறது. புலியைக் கண்டால் ஓடுவதற்காக இயற்கை வகுத்த ஏற்பாடு அது. புலி அகன்றால் தணிந்துவிடும். மேசைமேல் கிடக்கும் கோப்பு அகல்வதில்லையே! அழுத்தம் தணியாமல் நீடித்தால் இரத்தக் குழாயின் உட்சுவர் பழுதுறும். அங்கே கொழுப்புப் படியும்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 2 இலட்சம் ஊழியர்களைக் குறித்து 2012இல் வெளியான ஆய்வில், வேலை நெருக்கடியால் கூடும் ஆபத்து நூற்றுக்கு 23 பங்கு என்று தெரிந்தது. புகையின் கேடு இதனினும் மிகப் பெரிது. ஆகவே மேலதிகாரியைச் சாக்காகக் காட்டி இன்னொரு சிகரெட்டைப் பற்றவைக்க வேண்டாம்!

இந்தப் பந்தலில் விண்ணப்பங்களில் கையெழுத்திடுவோரும் இருக்கிறீர்கள். அக்கையெழுத்துக்குக் காத்திருப்போரும் இருக்கிறீர்கள். கையெழுத்திடுவோரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால் மறுத்துவிடுங்கள், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். நடுநெஞ்சில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் கண்டால், வாயுவென்று எண்ணி ஓமத்தைக் காய்ச்சிக்கொண்டிராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கே வந்தாலும் அவ்வாறே. சமையல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நாடகத்திற்கு வேடமிட்ட பிள்ளைகள் திரைக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். விடைபெறுகிறேன். வணக்கம்.