முதலில் கம்பி, பிறகு ரவுட்டர்

ஃபைபர் இணைப்பு வாங்குகிறவர்கள் 100, 200, 300 எம்பிபிஎஸ் என்று வேகத்தைப் பார்த்துத்தான் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இணைப்பு வந்த சில நாட்களிலேயே குறை தெரிய ஆரம்பிக்கும். கூடத்தில் தங்குதடையில்லாமல் ஓடும் படம் உள்ளறையில் நின்று நின்று ஓடும். மாடியில் பிள்ளையின் இணைய வகுப்பு விட்டுவிட்டுக் கேட்கும். பழி முதலில் நிறுவனத்தின் மேல் விழும், அடுத்து ரவுட்டரின் மேல். ஆறு ஆன்டெனா முளைத்த புதுப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வரும். பல வீடுகளில் குறை மட்டும் போகாது. காரணம், செலவின் வரிசை தலைகீழாக இருக்கிறது. வீட்டு இணையத்துக்கான பணம் முதலில் கம்பிக்கும், அடுத்து பெட்டி வைக்கும் இடத்துக்கும், கடைசியாகத்தான் ரவுட்டருக்கும் போக வேண்டும் என்பது என் வாதம்.

வேகம் எங்கே தொலைகிறது என்று முதலில் பார்ப்போம். நம் ஊர்களில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரே கண்ணாடி இழை நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் தரவைக் கொண்டு வருகிறது. அது வழியில் பிரிக்கப்பட்டு, பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. இப்படிப் பகிர்ந்தாலும், எல்லா வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்பதில்லை என்பதால் திட்டத்தில் சொன்ன வேகம் சுவரிலுள்ள பெட்டி வரை பெரும்பாலும் வந்துவிடும். வந்ததா என்று சோதிக்க ஒரு மடிக்கணினியும் ஒரு லேன் கேபிளும் போதும். பெட்டியில் நேராகச் செருகி அளக்கும்போது 300 காட்டி, படுக்கையறை வைஃபையில் 40 மட்டும் காட்டினால், தொலைந்த வேகம் வீட்டுக்குள்தான் தொலைந்திருக்கிறது. கேபிளிலேயே 94, 95 என்று வந்து நின்றால் அதற்கும் காரணம் உண்டு. மலிவான பெட்டிகளின் லேன் துளைகள் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. ஜிகாபிட் துளையாக இருந்தாலும், கேபிளுக்குள் இருக்கும் எட்டு இழைகளும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும். புது ரவுட்டர் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

அடுத்தது, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண். ஏஎக்ஸ் 3000 என்று போட்டிருந்தால் 3000 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று தோன்றும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் 574-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் 2402-ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்ட தொகை. கையிலுள்ள கைபேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு அலையில்தான் இணையும். அந்த 2402-ஐப் பெற 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை வேண்டும்; 80 மட்டுமே எடுத்துக்கொள்ளும் கைபேசிக்கு அது 1201 ஆகிவிடும். அதுவும் பக்கத்தில் நின்றால் எட்டும் உச்சம்தான். உண்மையில் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஆன்டெனா கூடினால் தூரம் கூடும் என்பதும் பெரிய நம்பிக்கைக்கு உரியதல்ல. ரவுட்டர் எவ்வளவு வலுவாக ஒலிபரப்பலாம் என்பதற்கு அரசின் வரம்பு உண்டு. அப்படியே ரவுட்டரின் குரல் கைபேசிக்கு எட்டினாலும், கைபேசியின் மெல்லிய குரல் திரும்ப ரவுட்டருக்கு எட்ட வேண்டுமே. இடையில் இருப்பவை செங்கல் சுவர், இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட் தளம், எஃகு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இவற்றில் வேகமாக வலுவிழக்கும். 2.4 ஓரளவு ஊடுருவும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் அதில் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் அந்த மூன்றில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் விடை கம்பி. தரமான கேட்-6 கேபிள் ஒன்றைக் கீழ்த்தளத்துப் பெட்டியிலிருந்து மாடிக்கு இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டியை வைத்தால், கான்கிரீட்டைத் துளைக்க வேண்டிய வேலையே அலைக்கு இல்லை. ஜிகாபிட் வேகம் இந்தக் கேபிளில் 100 மீட்டர் வரை குறையாமல் போகும். எந்த வீட்டுக்கும் அது போதும். தொலைக்காட்சி, மேசைக் கணினி போன்ற நகராத பொருள்களையும் கேபிளில் இணைத்துவிட்டால், கைபேசிகளுக்கு வைஃபையில் நெரிசல் குறையும். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் சந்தையில் உண்டு. கம்பியே வேண்டாம், பல வைஃபை பெட்டிகளைக் காற்றிலேயே கோக்கும் மெஷ் போதும் என்பார்கள். மெஷ் பெட்டிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள அதே காற்றைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே அலையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் பெட்டியில் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. கம்பியில்லாமல் பெட்டியை மட்டும் கூட்டுவது, மெல்லிய குழாயில் பெரிய மோட்டாரை மாட்டிவிட்டு மாடித் தொட்டி ஏன் நிரம்பவில்லை என்று கேட்பது போன்றது. அதே மெஷ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் அருமையாக வேலை செய்கின்றன.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இணைப்புக் கொடுக்க வரும் நாளிலேயே, வாசலருகே வேண்டாம், வீட்டின் நடுவில் பெட்டியை வையுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். ஃபைபர் சில மீட்டர் கூடப் போவதால் வேகம் குறையாது. அதைக் கூர்மையாக மடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். லேன் கேபிளைச் சுவரின் அடியோரமாக ஓடவிட்டு ஒட்டும் பட்டையால் மூடலாம். அதற்கும் வழியில்லாதவர்கள், பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி அலை ஒதுக்கிய மெஷ்ஷை வாங்கலாம். அது இரண்டாம்பட்சம்தான், ஆனால் நல்ல வழி. நிறுவனம் கொடுத்த பெட்டியே போதாதா என்பது இன்னொரு கேள்வி. சிறிய வீட்டில், இரண்டு அலையும் ஜிகாபிட் துளையும் உள்ள பெட்டி என்றால் தாராளமாகப் போதும். 4கே தரத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான்; நான்கு திரைகள் ஒன்றாக ஓடினாலும் 60. வருங்காலத்துக்காக இப்போதே வைஃபை 7 வாங்கிவிடலாமே என்பாரும் உண்டு. கைபேசியும் அதைப் புரிந்துகொண்டால்தான் பயன் முழுமையாகக் கிடைக்கும். வைஃபையின் தலைமுறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது; சுவருக்குள் போன கேபிள் பல தலைமுறை ரவுட்டர்களைப் பார்த்துவிடும். வருங்காலத்தை நினைப்பவர் கேபிளில்தான் பணத்தைப் போட வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் மின்கம்பிக்கான குழாயோடு சேர்க்காமல் இதற்கெனத் தனிக் குழாய் பதிக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் எந்த ரவுட்டரும் ஒன்றுதானா? இல்லை, பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது பாதுகாப்பு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் பிடித்துக்கொண்டு பெரிய இணையதளங்களை முடக்கியது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதற்குச் சட்டப்படி தடை உண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்பு எவ்வளவு காலம் தரப்படும் என்பதையும் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் கடைக்காரரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். இரண்டாவது, தரவின் வரிசையை நிர்வகிக்கும் திறன். ஒருவர் பெரிய காணொளியை மேலேற்றும்போது மற்றவரின் அழைப்பு தடுமாறுவது பல நேரம் வேகக் குறைவால் அல்ல, ரவுட்டரில் தரவு தேங்குவதால். இதற்கு 2012-இல் வலையமைப்பு வல்லுநர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வைத் தந்தார்கள். அதன் வழிவந்த முறைகள் உள்ள ரவுட்டர் ஆன்டெனாக்களைவிட மதிப்புடையது. மூன்றாவது மின்சாரம். வழியில் ஃபைபரைப் பிரிக்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், வீட்டுப் பெட்டிகளுக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துவிட்டால், நிறுவனத்தின் பக்கம் மின்சாரம் இருக்கும்வரை மின்வெட்டிலும் இணையம் ஓடும்.

ஆகவே நேயர்களே, கடைக்குப் போகும் முன் கேபிளில் ஒருமுறை, ஒவ்வோர் அறையிலும் வைஃபையில் ஒருமுறை வேகத்தை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எண் எங்கே சட்டென்று விழுகிறதோ, அந்த இடத்துக்குக் கேபிள் போக வழியுண்டா என்று பாருங்கள். அதன் பிறகும் ரவுட்டர்தான் குறை என்று அந்தத் தாள் சொன்னால், தயங்காமல் வாங்குங்கள்.