வாகை சூடிய சட்டை



1934-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விம்பிள்டனில் ஆடவர் ஒற்றையர் இறுதிப் போட்டி நடந்தது. ஆஸ்திரேலியரான ஜாக் கிராஃபோர்டை மூன்றே செட்டுகளில் வென்று பட்டம் பெற்றார் பிரெட் பெர்ரி என்னும் ஆங்கிலேய இளைஞர். ஆட்டம் முடிந்து குளித்துக்கொண்டிருந்தபோது, கழகத்து உறுப்பினர் ஒருவர் தோற்றவரிடம் பேசியது அவர் காதில் விழுந்தது. இன்று சிறந்தவன் வெல்லவில்லை என்பது அப்பேச்சின் கருத்து. பட்டம் வென்றவருக்குரிய கழகக் கழுத்துப்பட்டியையும் எவரும் அவர் கையில் கொடுக்கவில்லை. அது நாற்காலியின் மேல் போடப்பட்டுக் கிடந்தது. பெர்ரி தம் வரலாற்றைப் பின்னாளில் எழுதியபோதும் இந்நிகழ்ச்சியை மறந்தாரில்லை.

இதன் காரணம் அவருடைய ஆட்டத்தில் இல்லை, பிறப்பில் இருந்தது. பெர்ரி 1909-இல் மான்செஸ்டரை அடுத்த ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். தந்தை சாமுவேல் பெர்ரி பஞ்சாலையில் நூல் நூற்றவர். கூட்டுறவு இயக்கத்தின் வழியே உயர்ந்து 1923-இல் நாடாளுமன்றம் புகுந்தவர். மகன் பெருங்குடிப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் பயின்றவர் அல்லர். அவர் முதலில் பெயர் பெற்றது மேசைப்பந்தாட்டத்தில். 1929-இல் புடாபெஸ்டில் உலகப் பட்டமும் பெற்றார். புல்தரை டென்னிஸோ அக்காலத்து இங்கிலாந்தில் நிலமும் ஓய்வும் உடையோரின் ஆட்டம். பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் அங்கே வந்து நின்றதையே பொறுக்காதவர்கள், அவர் வென்றதை எவ்வாறு பொறுப்பர்?

அந்த ஆட்டத்தின் உடை வெள்ளை. வியர்வைக் கறை வெள்ளைத் துணியில் எடுப்பாகத் தெரியாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அக்காரணம் பொய்யன்று, ஆனால் பாதி உண்மைதான். புல்லும் மண்ணும் படும் இடத்தில் நாள்தோறும் மாசற்ற வெள்ளை உடுத்துபவர், தம் துணியைத் தாமே துவைக்க வேண்டாதவராக இருத்தல் வேண்டும். வெளுப்பவள், கஞ்சி போடுபவள், பெட்டி போடுபவள் என்று ஒரு வீட்டின் பின்கட்டே அந்த வெண்மைக்குப் பின்னால் நின்றது. வேலி என்று எழுதி வைக்காமலேயே வேலியாக விளங்கிய உடை அது.

அவ்வுடையின் இறுக்கத்தை முதலில் தளர்த்தியவர் ஒரு பெண் என்பது குறிக்கத்தக்கது. பிரான்சு நாட்டின் சுசான் லெங்லென் 1919-இல் விம்பிள்டனுக்கு வந்தபோது, இடையை இறுக்கும் கச்சையை நீக்கி, கெண்டைக்கால் அளவான பாவாடையும் குறுங்கை மேலாடையுமாக ஆடிப் பட்டம் வென்றார். ஆடவரோ கனத்த கம்பளிக் காற்சட்டையை விடுவதற்கு மேலும் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். பெர்ரியின் தோழரான பன்னி ஆஸ்டின் 1933-இல்தான் அரைக்காற்சட்டையுடன் விம்பிள்டனில் இறங்கினார். அவர் கேம்பிரிட்ஜில் படித்தவர். அந்தத் துணிவு பெர்ரிக்கு வந்திருந்தால் கழகத்தார் என்ன சொல்லியிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மேற்சட்டையின் மாற்றம் பிரான்சிலிருந்து வந்தது. அதுவரை ஆட்டக்காரர்கள் அணிந்தது தறியில் நெய்த முழுக்கைச் சட்டையே. கையை மடித்துவிட்டு ஆடுவர். விம்பிள்டனை 1925, 1928 ஆகிய ஆண்டுகளில் வென்ற ரெனே லகோஸ்த் இதை மாற்ற முனைந்தார். 1933-இல் பின்னலாடை உற்பத்தியாளரான ஆந்த்ரே ஜிலியேயுடன் கூடி அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த சட்டை நெய்ததன்று, பின்னியது. ‘பிக்கே’ எனப்படும் அப்பின்னலில் கண்ணிகள் சிறு குழிகளாக அமைந்து காற்றை உள்ளே விடும். கையை ஓங்கினால் துணி உடன் நீண்டு, பின் தன் நிலைக்கு வரும். கழுத்துப்பட்டை மென்மையானது. கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடும். முதலைத்தோல் பெட்டி ஒன்றைப் பந்தயமாக வைத்த கதையால் லகோஸ்துக்கு ‘முதலை’ என்ற பட்டப்பெயர் ஏற்பட்டிருந்தது. நண்பர் ராபர்ட் ஜார்ஜ் வரைந்து கொடுத்த முதலை அச்சட்டையின் மார்பில் ஏறிற்று. உட்புறம் கழுத்தருகே மறைந்திருந்த வணிகக் குறி வெளியே வந்து ஊரறிய நின்ற தொடக்கக் கால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

இவ்வகைச் சட்டையைத் தமிழகத்தில் ‘காலர் வைத்த பனியன்’ என்று சொல்வோர் உண்டு. அச்சொல்லாட்சி நகைப்பிற்குரியதன்று, பின்னல் துணி இன்னது என்றறிந்த திருப்பூர் மரபின் சொல் அது. ‘பனியன்’ என்ற சொல்லின் பயணமும் சுவையானது. குஜராத்து வணிகரைக் குறித்த சொல் போர்த்துக்கீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் புகுந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துச் செல்வர்கள் வீட்டில் ஓய்வாக இருக்கும்போது அணிந்த தளர்ந்த மேலங்கிக்கு அதுவே பெயராயிற்று. பிறகு இந்தியாவில் உள்ளாடைக்குப் பெயராகித் தமிழிலும் நிலைத்தது. ஓய்வுநேர உடை என்னும் எண்ணத்தை இங்கிலாந்து தன் வணிகக் கப்பலில்தான் ஏற்றிச் சென்றது போலும்!

பெர்ரியிடம் மீள்வோம். 1934, 1935, 1936 என மூன்றாண்டுகள் தொடர்ந்து விம்பிள்டன் பட்டம் அவருக்கே. 1936-இன் இறுதியில் அவர் பொருளுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரானார். கழகம் அவருடைய உறுப்பினர் உரிமையைப் பறித்தது. பரம்பரைச் செல்வம் உடையவரே பொருள் பெறாமல் ஆடிக்கொண்டிருக்க முடியும் என்பதைக் கழகம் எண்ணிப் பார்க்கவில்லை. அவருக்குப்பின் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை மற்றொரு பிரித்தானியர் வெல்ல 2013 வரை, அதாவது 77 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

1940-களின் பிற்பகுதியில் டிபி வெக்னர் என்னும் ஆஸ்திரியக் கால்பந்தாட்டக்காரர் மணிக்கட்டில் வியர்வை உறிஞ்சும் பட்டை ஒன்றைச் செய்துகொண்டு பெர்ரியை நாடினார். அவர் யூதர். அப்பட்டையில் தொடங்கிய கூட்டு வணிகத்தின் விளைவாக 1952-இல், விம்பிள்டன் போட்டியின்போதே, பெர்ரியின் வெண்சட்டை வெளிவந்தது. மார்பில் என்ன குறி வைப்பது? பெர்ரி புகைக்குழாய்ப் பிரியர். அதையே வைக்க விரும்பினார். வெக்னர் மறுத்துவிட்டார். முடிவில் வெற்றிக்குரிய இலைமாலை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐரோப்பியர் சூடும் அவ்விலை வேறு, வாகை மலர் வேறு என்று செடியியலார் சொல்லலாம். பொருளால் அது வாகையே. விம்பிள்டனோடு தொடர்புடைய சின்னத்தை, அக்கழகம் புறந்தள்ளிய மனிதர் தம் சட்டையில் தைத்து நாடெங்கும் விற்றார். இதைப் பழிவாங்கல் என்று சொன்னால் மிகையாகும். ஆயினும் இதில் ஓர் இனிய நீதி இருக்கிறது.

சட்டை ஆடுகளத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது 1950-களின் இறுதியில். இலண்டனின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த வெஸ்ட் ஹாம் கால்பந்துக் குழுவின் அன்பர்கள், தங்கள் குழுவின் நிறங்களில் கழுத்துப்பட்டையிலும் கைவிளிம்பிலும் இரு கோடுகள் வேண்டும் என்று கடையில் கேட்டதனால்தான் அக்கோடுகள் பிறந்தன என்பது நிறுவனம் சொல்லும் வரலாறு. அடுத்து வந்தவர்கள் ‘மாட்’ எனப்பட்ட இளைஞர்கள். பகலெல்லாம் அலுவலகத்திலோ பட்டறையிலோ உழைத்து, இரவெல்லாம் நடனக் கூடத்தில் ஆடியவர்கள். கசங்காத, வியர்வைக்கு அஞ்சாத, கழுத்துப் பொத்தான் வரை இட்டால் மிடுக்காகவும் தோன்றும் சட்டை அவர்களுக்கு வேண்டியிருந்தது. மேட்டுக்குடியினரின் ஆட்ட உடை உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் விழா உடையாயிற்று.

1969-ஐ ஒட்டித் தலைமயிரை ஒட்டக் கத்தரித்த ‘ஸ்கின்ஹெட்’ இளைஞர்கள் அதனை ஏற்றனர். தொடக்கத்தில் அவர்களுள் பலர் ஜமைக்கா இசையை விரும்பியவர்கள். கறுப்பின இளைஞரோடு ஒரே கூடத்தில் ஆடியவர்கள். 1970-களின் பிற்பகுதியில் ‘நேஷனல் ஃபிரன்ட்’ என்னும் இனவெறிக் கட்சி அவர்களிடையே ஆள் சேர்த்தது. அதன்பின் அதே சட்டையைத் தெருவில் கண்டால், புலம்பெயர்ந்து வந்த மக்கள் அஞ்சி ஒதுங்கும் நிலை வந்தது. யூதர் ஒருவரும் தொழிலாளியின் மகன் ஒருவரும் கூடிச் செய்த சட்டைக்கு நேர்ந்த இழிவு இது.

அதனை எதிர்த்து மீட்கும் முயற்சி இசையிலிருந்து எழுந்தது. 1979-இல் கவன்ட்ரி நகரில் ஜெர்ரி டாமர்ஸ் ‘டூ டோன்’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக ஜமைக்காவின் ‘ஸ்கா’ இசையைப் புதிதாக இசைத்தனர். கறுப்பு வெள்ளைக் கட்டங்களே அவர்தம் சின்னம். ‘தி ஸ்பெஷல்ஸ்’ குழுவின் பாடகர் டெர்ரி ஹால் உள்ளிட்டோர் அந்த மேடைகளில் அணிந்தது பெர்ரியின் சட்டையை. அரங்கின் கீழே வெறியர்கள் கூச்சலிட்டதும் உண்டு. அவர்களும் அதே சட்டையை அணிந்திருந்திருக்கலாம். உடையைக் கொண்டு ஆளை அறியலாம் என்போர் அந்த அரங்குகளில் திகைத்திருப்பர்.

அக்காலத்தே கால்பந்து அன்பர்களிடையே வேறொரு போக்கும் தோன்றியது. ஐரோப்பியப் போட்டிகளைக் காணச் சென்ற லிவர்பூல் இளைஞர்கள் அங்கிருந்து அரிய காலணிகளையும் ஆட்ட உடைகளையும் கொண்டுவந்தனர். போர்க் அணிந்த ஃபிலா, மெக்கன்ரோ அணிந்த செர்ஜியோ டாக்கினி போன்ற இத்தாலிய உடைகளுக்கு மதிப்பு ஏறிற்று. முரடர்களை மொட்டைத் தலையாலும் கனத்த காலணியாலும் அடையாளம் காணப் பழகியிருந்த காவலர், விலையுயர்ந்த டென்னிஸ் மேலாடை அணிந்தவரைத் தடுக்கவில்லை. அன்றைய உடைகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று பலர். அவர்கள் முதலில் பார்ப்பது மார்பிலுள்ள குறியையன்று. கழுத்தின் உட்புறச் சீட்டில் எழுதப்பட்ட ஊரை.

வெள்ளை என்ற வேலியும் அப்படியே நின்றுவிடவில்லை. விம்பிள்டன் கழகம் 1963-இல் பெரும்பாலும் வெள்ளை என்றும், 1995-இல் ஏறத்தாழ முழுதும் வெள்ளை என்றும் விதியை இறுக்கியது. மாதவிலக்கு நாள்களில் வெண்ணுடையில் ஆடும் அச்சத்தைப் பெண்கள் வெளிப்படையாகப் பேசிய பிறகே, 2023-இல் உள்ளே கருநிறக் காற்சட்டை அணிய இசைவு கிடைத்தது. விதி எழுதியவர்களுக்கு இது தோன்றாமற்போனது வியப்பன்று.

பெர்ரி 1995-இல் மறைந்தார். அவருடைய சிலையை விம்பிள்டன் கழகம் 1984-இலேயே தன் வளாகத்தில் நிறுவியிருந்தது. ஆனால் சட்டையின் வழக்கு முடியவில்லை. கறுப்புத் துணியில் மஞ்சள் கோடிட்ட சட்டையை அமெரிக்காவில் ‘பிரவுட் பாய்ஸ்’ என்னும் தீவிர வலதுசாரிக் கூட்டத்தார் தம் சீருடைபோல் அணியலாயினர். நிறுவனம் பெர்ரியின் தந்தையையும் யூதரான கூட்டாளியையும் நினைவூட்டிக் கண்டித்தது. பயனில்லை. 2020-இல், அந்த நிறச் சட்டையை அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அதனைப் பல்லாண்டுகளுக்கு முன்பே, இசைக்காகவும் ஆட்டத்துக்காகவும் வாங்கி அணிந்து நிறம் மங்க வைத்திருந்தவர்கள் அங்கே உண்டு. அலமாரியில் இருந்த அந்தச் சட்டையை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்குவதா, மடித்தே வைப்பதா என்பதை அவரவரே முடிவு செய்யவேண்டியதாயிற்று.