பாலிலே மறைந்திருக்கும் பூஞ்சண நஞ்சு



கொடுங்கையூருக்குப் பக்கத்திலேயே மாதவரம் பால்பண்ணை இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் அங்கேதான். அந்தச் சுற்று வட்டாரத்தில் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்களுக்கும், ஊர்ப்புறத்தில் கறவை வைத்திருக்கிற உங்களுக்கும் சேர்த்து ஒரு சேதி சொல்ல வந்திருக்கிறேன்.

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 368-ல் அஃப்ளடாக்சின் எம்-1 என்ற நஞ்சு வரம்பை மீறி இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி. எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் முதலிடம். இது யாரும் பாலில் கலந்ததல்ல. தீவனத்தின் வழியாக வந்தது.

ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை இவற்றில் பூஞ்சணம் பூத்து நஞ்சை உண்டாக்கும். மாடு அதைத் தின்றால், ஈரல் அதை எம்-1 ஆக மாற்றிப் பாலில் இறக்கிவிடும். இன்று தின்றது நாளைப் பாலில் தெரியும். காய்ச்சினாலும் போகாது. கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். தினமும் பால் குடிக்கிறவர்கள் குழந்தைகள்தானே?

சட்ட வரம்பு ஒரு கிலோ பாலுக்கு அரை மைக்ரோகிராம். அதாவது இருபது லட்சம் கிலோ பாலில் ஒரே ஒரு கிராம்! நிறத்திலோ மணத்திலோ தெரியாது. சங்கத்தில் கொழுப்புப் பார்க்கிற கருவியும் காட்டாது. இப்போதுள்ள சோதனைப் பட்டைகளில், நஞ்சைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு நிறம் காட்டும் துகளை ஒட்டி அனுப்புகிறார்கள். கோடு தெரிவது அதனால்தான். துல்லியமாக அளக்க ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

நிறமோ சாயமோ ஒட்டாமல், ஒளியை வைத்தே கண்டுபிடிக்கும் சில்லு ஒன்றை விஞ்ஞானிகள் உருவாக்கி வருகிறார்கள். சிலிக்கன் தகட்டில் தலைமயிரைவிட மெல்லிய ஒளிப்பாதையை வளையமாக அமைக்கிறார்கள். அந்த வளையத்துக்குப் பொருந்துகிற அலைநீளம் மட்டும் உள்ளே சுற்றிச் சுற்றி நிற்கும். வளையத்தின் மேல் எதிர்ப்பொருளைப் பூசி வைக்கிறார்கள். நஞ்சு வந்து அதில் ஒட்டியதும் பொருந்தும் அலைநீளம் கொஞ்சம் கூடிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்பினால் சுருதி இறங்குகிறது அல்லவா? அதே மாதிரிதான். எவ்வளவு மாறியது என்று அளந்தால், எவ்வளவு ஒட்டியது என்று தெரியும்.

இத்தாலியில் திரெந்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒளிச் சில்லில் இதே எம்-1 நஞ்சைப் பிடித்துக் காட்டி 2016-ல் எழுதினார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் சிலிக்கன் ஒளிச் சில்லுகளுக்கென்று ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. பாலில் உள்ள கொழுப்பும் புரதமும்கூட வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் பாலைத் தெளிய வைத்தாக வேண்டும். அதனால் இந்தச் சில்லு நாளைக்கே உங்கள் சங்கத்துக்கு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதுவரைக்கும் காவல் உங்கள் கையில்தான். கடலையையும் சோளத்தையும் நன்றாகக் காயவைத்த பிறகே மூட்டை கட்டுங்கள். மூட்டையைத் தரையில் போடாதீர்கள். பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் பிண்ணாக்கை மொத்தமாக வாங்கிச் சேர்க்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் காயவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பூஞ்சணம் சாகலாம், நஞ்சு சாகாது. அதைக் கோழிக்கும் போடக்கூடாது. சந்தேகமாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தீவனத்தில் இந்த நஞ்சுக்கு வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்.

கெட்ட தீவனத்தை நிறுத்திவிட்டால் சில நாளிலேயே பாலிலிருந்து நஞ்சு இறங்கிவிடும். நாலு கிலோ பிண்ணாக்கு வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். அந்தப் பாலை முதலில் குடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைதான்.