மகப்பேறும் லேசர் ஒளியும்



ஆண்டு விழா மேடையில் இத்தகைய பொருளைப் பேசலாமோ என்று நண்பர் சிலர் ஐயுற்றனர். பேசாமையால் விளையும் துன்பத்தை இந்நகரியிலே, நம் காலனியிலேயே கண்டபின் வாளாவிருத்தல் தகாது என்று துணிந்தோம். நாம் மருத்துவர் அல்லோம், இரயில்வே எழுத்தர். படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே கூறுகின்றோம்.

சென்ற ஆண்டு, நெசவுத் தொழில் புரியும் அன்பர் ஒருவரின் மனைவியார் நம் இல்லத்திற்கு வந்து, தாலிக்கொடியை அடகு வைக்க வழி கேட்டார். மணமாகி ஏழாண்டுகள், மகவில்லை. லேசர் ஒளியை உடம்பில் பாய்ச்சினால் கரு நிற்கும் என்று எவரோ கூறியிருக்கின்றனர். “அவருக்குச் சோதனை செய்தாயிற்றா, அம்மா?” என்று நம் மனைவியார் வினவினார். அவ்வம்மையார் திகைத்து நின்றார். அவர் உண்ட மருந்துகளுக்குக் கணக்கில்லை. கணவரோ ஒரு நாளும் மருத்துவமனை வாயிலை மிதித்ததில்லை!

அவ்வொளி யாது? அறுவைக்குப் பயன்படும் கடுமையான லேசர் அன்று. தசையைச் சுடாத மெல்லொளி. 1967-ல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், இவ்வொளி புற்றுநோய் உண்டாக்குமோ என்றறிய, மயிர் மழித்த சுண்டெலிகளின்மீது அதனைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, மயிர்தான் விரைந்து வளர்ந்தது. அதுமுதல் புண் ஆற்றவும் வலி தணிக்கவும் அதனைப் பயன்படுத்தலாயினர். பின்னர் ஜப்பானிய மருத்துவர் டோஷியோ ஒஷிரோ, பிற சிகிச்சைகளால் பயன் காணாத பெண்களுக்கு இதனை அளித்து, சிலர் கருவுற்றனர் என்று 2012-ல் எழுதினார். மகிழத்தக்க செய்தியே. ஆயினும் ஒளி பெறாத வேறொரு குழுவினரோடு ஒப்பிட்டு அவர் முடிவு கண்டாரில்லை. ஒளியால் கருவுற்றனரா, ஒளியின்றியும் கருவுற்றிருப்பரா என்பது அதனால் துணியப்படவில்லை. ஆதலின் இதனைத் துணைச் சிகிச்சையாக ஆராய்வோர் ஆராய்க. கடன் வாங்கிப் பெறத்தக்க மருந்தாக நாம் கொள்ளற்க.

கருமுட்டை வெளிப்படாமை ஒரு காரணம். கருக்குழாய் அடைப்பு மற்றொன்று. நம் நாட்டில் காசநோய், இருமலே இல்லாமல் கருப்பையையும் குழாயையும் பற்றிக் கெடுப்பதுண்டு. அதற்குக் காசநோய் மருந்தே வேண்டும். இவற்றுக்கு நிகராக ஆண்பால் குறையும் பெருங்காரணம். அருகிலுள்ள புத்தூரில் கட்டுக் கட்டுவோரும் எந்த எலும்பு முறிந்தது என்று தடவிப் பார்த்த பின்னரே மூங்கிற் பத்தையை எடுக்கின்றனர். ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருவுறாவிடில், மனைவிக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறே மாதத்தில், இருவரும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். ஆடவர்க்குரிய முதற்சோதனை மிக எளிது, ஊசியுமில்லை, வலியுமில்லை. தடுப்பது வெட்கம் ஒன்றே.

அவ்வன்பரை அழைத்து இவற்றைச் சொன்னோம். முதலில் சினந்தார், ஒரு வாரம் நம்மோடு பேசவில்லை. பின்னர்த் தாமே சென்று சோதித்துக்கொண்டார். குறை அவரிடமே இருந்தது. மறைக்கலாம் என்று உறவினர் கூறினர். அவரோ அன்றிரவே தம் தாயாரை அமர வைத்து, “இனி அவளை ஒரு சொல்லும் சொல்லாதீர்கள், அம்மா, குறை என்னுடையது” என்றாராம்.

சிகிச்சை இப்பொழுது நடக்கின்றது. மகவு இன்னும் இல்லை. மருத்துவர் இருவரையும் ஒருங்கே வரச் சொல்லியிருந்தார். திருப்பதிக்கு இரண்டு பயணச்சீட்டுகளை நாமே எடுத்துக் கொடுத்தோம். தாலிக்கொடி அவ்வம்மையார் கழுத்திலேயே இருந்தது.