வில்லன் யார்?

படம் பார்த்துவிட்டு வரும் சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். கதாநாயகன் பெயரை மறந்திருந்தாலும், 'வில்லன்' செய்த கொடுமைகளை ஒன்றுவிடாமல் சொல்லுவான். தமிழோடு கலந்துவிட்ட இந்த ஆங்கிலச் சொல், தொடக்கத்தில் வயலில் பாடுபட்ட குடியானவனைக் குறித்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இலத்தீன் மொழியில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணைவீடு. பண்ணையைச் சார்ந்து வாழ்ந்தவன் 'வில்லானுஸ்'. சிற்றூரைக் குறிக்கும் 'வில்லேஜ்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். பிரெஞ்சு மொழி வழியாக இச்சொல் இங்கிலாந்துக்கு வந்தது. அங்கே வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086-இல் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' நிலக்கணக்கேட்டில், பதிவான குடிகளுள் மிகப் பெரிய பிரிவினர் இவர்களே. பின்னர் இவர்கள் பிரபுவின் நிலத்தோடு பிணைக்கப்பட்டார்கள். அவர் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போக முடியாது. அவர் நிலத்தில் ஊதியமின்றி உழைக்கவும் வேண்டும். 1381-இல் எழுந்த பெருங்கிளர்ச்சியில் குடியானவர்களின் முதன்மையான கோரிக்கை, இந்தத் தளை ஒழிய வேண்டும் என்பதே.

குடியானவன் எப்படிக் கொடியவன் ஆனான்? எழுத்து அன்று உயர்குடியினர் கையிலும் அவரைச் சார்ந்தோர் கையிலும் இருந்தது. அவர்கள் கண்ணுக்கு ஏழை உழவன் நாகரிகமற்றவன், நாகரிகமற்றவன் இழிந்தவன், இழிந்தவன் எதற்கும் துணிந்த கயவன். இப்படிப் படிப்படியாகப் பொருள் இறங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடகத்திலும் கதையிலும் வரும் தீயவனுக்கு அதுவே பெயராயிற்று. நற்குடியில் பிறந்தவனைக் குறித்த 'ஜென்டில்' என்ற சொல்லோ, 'பண்புள்ள', 'மென்மையான' என்று உயர்ந்துவிட்டது. குணத்தையும் குற்றத்தையும் பிறப்பை வைத்தே எழுதிவிட்டார்கள்!

இது நமக்கு அயலான கதையன்று. 'பட்டிக்காட்டான்' என்று நாம் ஏளனம் செய்வதும் இவ்வகைதான். இன்னொன்றும் உண்டு. தமிழில் 'கூலி' என்பது உழைப்புக்குரிய ஊதியம். அதிலிருந்து பிறந்தது என்று அறிஞர் சிலர் கருதும் ஆங்கிலச் சொல், ஊதியத்தை விட்டு ஆளையே குறித்தது. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் அப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். நாளடைவில் அது வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

சொல் தானாகக் கெடுவதில்லை, நேயர்களே. சொல்லுகிற வாயால்தான் கெடுகிறது. ஒருவரை இகழ்ந்து பேச நா எழும்போது, அந்தச் சொல்லுக்குள் எந்த உழைப்பாளியின் வியர்வை உலர்ந்து கிடக்கிறதோ என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.