தனியாக ஆடுகிறவர்கள்



கால்பந்து கிளப்பில் தலைமை மாறினால் ஊரே பேசும். 2013இல் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வுபெற்றார்; தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே ஆண்டு விலகினார். ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் அடுத்த மேலாளராக வந்த டேவிட் மோய்ஸை பத்து மாதம் நிறையும் முன்பே, 2014 ஏப்ரல் 22 அன்று நீக்கிவிட்டார்கள். அணியின் மூத்த வீரர் ரயன் கிக்ஸ் தற்காலிகப் பொறுப்பேற்றார். நான்கே நாளில் நார்விச் அணியை 4-0 என்று வென்றார்கள். தலைமை ஆட்டம் கண்டாலும் வீரர்களுக்கு அதே உடைமாற்று அறை, அதே தோழர்கள், அதே சம்பளம்.

டென்னிஸுக்கு வாருங்கள். எம்மா ரடுகானு 18 வயதில், 2021 அமெரிக்க ஓபனைத் தகுதிச்சுற்றிலிருந்து வந்து, ஒரு செட்கூட இழக்காமல் வென்றார். சில நாட்களிலேயே பயிற்சியாளரைப் பிரிந்தார். பிறகு பலர் வந்தார்கள், போனார்கள். அதற்காக அவரை விமர்சித்தவர்கள் ஏராளம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கிளப்பில் இயக்குநர் குழு கூடி எடுக்கிற முடிவை இங்கே ஒரு இளம்பெண் எடுக்க வேண்டியிருக்கிறது. தன்னிடம் சம்பளம் வாங்குகிற பயிற்சியாளர் உள்ளதை உள்ளபடி சொல்வாரா? இதை அந்தப் பெண் யாரிடம் போய்க் கேட்பார்?

ஆட்டத்தின் நடுவிலும் இதே தனிமைதான். மார்டி பிஷ் என்ற அமெரிக்க வீரரை நினைத்துப் பாருங்கள். 2011இல் உலகத் தரவரிசையில் 7ஆம் இடம் வரை போனவர். மறு ஆண்டு அமெரிக்க ஓபன் மூன்றாம் சுற்றில், இரவு ஆட்டத்தின் நடுவே, மனப்பதற்றம் அவரைப் பிடித்து உலுக்கியது. கால்பந்தில் கையை உயர்த்தினால் மாற்று வீரர் வந்துவிடுவார். இங்கே யார் வருவார்? பயிற்சியாளர் பேசவே அப்போது அங்கே தடை. பிஷ் எப்படியோ ஜெயித்தார். அடுத்து ரோஜர் பெடரரோடு ஆட வேண்டும். மைதானத்துக்குப் போகும் வழியில் காரிலேயே உடைந்து அழுதார். ஆட வேண்டாமே என்றார் மனைவி. அந்த ஆட்டம் நடக்கவில்லை. தன் மனப்பதற்றத்தைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னாரே, அந்தத் துணிச்சலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்போது பயிற்சியாளர் தன் இருக்கையிலிருந்தே யோசனை சொல்லலாம். ஆனால் அவருடைய விமானக் கட்டணமும் அறை வாடகையும் பெரும்பாலும் வீரர் தலையில்தான். ஆடவர் டென்னிஸ் சங்கம் 2024இலிருந்து தரவரிசையின் முதல் 250 வீரர்களுக்கு ஆண்டு வருமான உத்தரவாதம் தருகிறது. நல்ல தொடக்கம். 251ஆம் இடத்தில் இருப்பவரும் ஊர் ஊராகப் போய்த்தான் ஆடுகிறார், பல நேரம் தனியாகவே.